ஏடும் அச்சும் எண்ணிமமும்

கையடக்கக் கருவியொன்றில் நூல்கள் பல்லாயிரம் அடங்கும் இக்காலத்தில், அச்சு நூல்களைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காத்தல் வீண் செலவென்பார் உளர். அக்கூற்றின் தகுதியை ஆராய்வார்க்கு நம் நூல்களின் வரலாறே தக்க சான்றாகும்.

பனையோலைச் சுவடி நம் நாட்டு வெப்பத்தாலும் ஈரத்தாலும் செல்லாலும் நாளடைவில் அழியும் இயல்பினது. ஏடு பழுதுறுமுன் அதனைப் பார்த்துப் புத்தேடு எழுதுதலே முன்னோர் கைக்கொண்ட காப்பு முறை. படியெடுப்பார் இல்லாதொழியின் நூலும் இல்லாதொழியும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) இவ்வழிவைக் கண்ணாரக் கண்டவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் அச்சேற்றினார். அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஓலையினுங் கடதாசி வலிதென்பதன்று இதன் பயன். ஓரிடத்து ஒடுங்கிக் கிடந்த நூல் பல படிகளாகிப் பலவிடத்தும் பரவியதே பயன் என்க.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார் பெருந்துயரின் வாயிலாக அறிந்தனர். 1933இல் க. மு. செல்லப்பா தொடக்கிய முயற்சியால் வளர்ந்து, 1959இற் புதிய கட்டடம் பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆந் திகதி இரவு தீயிடப்பட்டது. சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைச் சுவடியும் அவற்றுள் ஒன்றென்பர். எனினும் அந்நூல் இன்றும் நம் கையில் உளது. 1879இற் பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும், 1949இற் குல. சபாநாதனின் பதிப்பும் வெளிவந்து, அதன் படிகள் வேறிடங்களிலும் இருந்தமையே காரணம். அச்சேறாத சுவடிகளோ நெருப்போடு போயின. அவற்றுட் சிலவற்றின் பெயரைத்தானும் இன்று அறிதற்கில்லை.

இனி, எண்ணிமம் இக்குறையைத் தீர்க்காதோ எனின், ஒருபாற் றீர்க்கும். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எவ்விடத்தாரும் படிக்குமாறு வழங்குகின்றது. கடல் கடந்து வாழும் மாணவனுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. ஆயின், வருடியெடுத்தற்கு முதற்கண் ஓர் அச்சுப் படி எஞ்சியிருத்தல் வேண்டும்.

அன்றியும் எண்ணிமத்துக்கும் மூப்புண்டு. இங்கிலாந்தில் 1086இல் அரசன் வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்காகிய டூம்ஸ்டே ஏடு தோலில் எழுதப்பட்டது, இன்றும் படிக்கத்தக்கது. அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் லேசர்த் தட்டுக்களில் ஆக்கிய புதிய தொகுப்போ, இருபது ஆண்டு நிரம்புமுன்னரே படிக்குங் கருவியின்றி மறையும் நிலையெய்தி, அறிஞர் பெருமுயற்சியால் மீட்கப்பட்டது. 2023 ஒக்டோபரிற் பிரித்தானிய நூலகத்தின் கணினித் தொகுதி தாக்கப்பட்டபோது அதன் இணைய நூற்பட்டியல் மாதக்கணக்கில் முடங்கிற்று. தட்டுக்களில் இருந்த நூல்களுக்கோ ஊறில்லை. ஓலையைப் படியெடுத்தாற்போல எண்ணிமக் கோப்பையும் காலந்தோறும் புதிய வடிவிற்கு மாற்றுவார் வேண்டும். அம்மாற்றம் ஒரு தலைமுறையில் நின்றாலும் கோப்பு ஊமையாகும்.

ஆதலின் ஏடு, அச்சு, எண்ணிமம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று வெல்ல வந்த பகைகள் அல்ல, ஒன்றற்கொன்று காவலானவை. மூலத்தைக் காத்தல், படிகளைப் பெருக்குதல், அவற்றைப் பலவிடத்து வைத்தல் என்னும் மூன்றும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும்.

இப்பணி பேரறிஞர்க்கே உரியதன்று. கோயிற் குடமுழுக்கு மலர், சனசமூக நிலைய ஆண்டறிக்கை, பழைய பாடசாலைச் சஞ்சிகை, அந்தியேட்டியில் வழங்கும் கல்வெட்டு ஆகியன நம் வீட்டுப் பெட்டகங்களிற் கிடக்கின்றன. ஊர்ப் பெயரும் குடிவழியும் தொழிலும் வழக்கும் அவற்றிலன்றி வேறெங்கும் பதிவுறவில்லை. மிகச் சில படிகளே அச்சிடப்பட்ட இவை, வீடு திருத்துங் காலத்துக் குப்பையோடு எரிக்கப்படுகின்றன. பகைவர் இட்ட தீயை நாம் மறந்திலேம். நம் முற்றத்தில் நாமே இடும் தீயையும் நினைதல் வேண்டும். மாணவர் இவற்றைத் திரட்டி, ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும் ஒரு படியைப் பொது நூலகத்திலும் சேர்ப்பித்து, எண்ணிமப் படியும் எடுப்பிப்பாராயின், நாளை இவ்வூர் வரலாறு எழுதப் புகுவார்க்குச் சான்று கிடைக்கும்.