கணக்கு ஊருக்கு, சாவி எனக்கு!

பல் டாக்டரின் நாற்காலியில் படுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? தலைக்கு மேலே கண்ணைக் கூசும் விளக்கு. வாய்க்குள்ளே பஞ்சு, கண்ணாடி, டாக்டரின் இரண்டு விரல்கள். அந்த நிலையில் யார் எதைக் கேட்டாலும் மனிதனால் ஒரே பதில்தான் சொல்ல முடியும். 'ஆ...'

பல் வைத்தியம் என்பதே நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். வாயைத் திறந்து கொடுத்துவிட்ட பிறகு பர்ஸைத் திறப்பதா பெரிசு!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது ஏனாத்தூர். பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி எல்லாம் வந்துவிட்டாலும் இன்னும் கிராமத்து வாசனை போகாத ஊர். அங்கே ஒரு பெரியம்மா. பல் செட் கட்ட வேண்டும். நாலைந்து தடவை கிளினிக்குக்குப் போய்வர வேண்டிய வேலை. செலவு, அமெரிக்காவில் இருக்கும் மகனுடையது. வரவேற்பில் இருக்கும் பெண் அவனுக்கு போன் போடுகிறாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்களைத் தூக்கத்துல எழுப்ப வேணாமே சார். கார்டு நம்பரைச் சொல்லிடுங்க. அம்மா ஃபைல்லயே எழுதி வச்சுக்கறேன்."

அவனும் சொல்கிறான். பதினாறு இலக்கம். காலாவதி மாதம். பின்பக்கத்து மூன்று இலக்கம். பெரியம்மாவின் கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை உண்டு' என்ற வரிக்குப் பக்கத்தில் அதுவும் நீல மையில் ஏறிவிடுகிறது.

இதில் என்ன தப்பு? அந்தப் பெண் நல்லவள். டாக்டர் அதைவிட நல்லவர். யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனால், ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தத் தாளில் ஏறியது கணக்கா... சாவியா?

வித்தியாசம் புரிய உங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஒரு நடை போய்வருவோம். 'அண்ணாச்சி, எழுதிக்குங்க' என்று சொல்லிவிட்டு அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்த தலைமுறை நாம். கடையில் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு நோட்டு. இரண்டிலும் ஒரே வரி. மாதம் பிறந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பணம் கொடுப்போம். அண்ணாச்சியின் நோட்டை ஒரு திருடன் தூக்கிப் போகிறான் என்று வையுங்கள். அவனுக்கு என்ன கிடைக்கும்? நீங்கள் பருப்பு வாங்கிய வரலாறு கிடைக்கும். காலணா தேறாது!

அந்த நோட்டில் இருப்பது கணக்கு. கேஸ் ஷீட்டில் இருப்பதோ சாவி. அதைப் படித்தவர் எவரோ, அவரே பெட்டியைத் திறக்கலாம்.

அடுத்தவர் பணத்தைக் கையாளுகிறவருக்கு என்னென்ன கட்டுப்பாடு வேண்டும் என்பதை நம் ஊர்க்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். அதுவும் எங்கே? ஏனாத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் உத்திரமேரூரில்!

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். கி.பி. 919-ல் ஒன்று, இரண்டே வருஷம் கழித்து 921-ல் அதைத் திருத்தி இன்னொன்று. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம் என்று தகுதிகள் வரிசையாக வரும். பரீட்சைக்கு அதோடு நிறுத்திவிடுவார்கள். நமக்கு வேண்டியதோ அதற்கு அப்புறம் வரும் பகுதி.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனா? அவன் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, நெருங்கிய உறவினர் பெயர்களும் கிடையாது! அடுத்தவர் பொருளை அபகரித்தவனுக்கும் இடம் கிடையாது.

கணக்கு எழுதுகிறவனுக்குத் தனி விதி. நேர்மையாகப் பொருள் தேடியவனாக இருக்க வேண்டும். எழுதிய கணக்கைப் பெரியவர்கள் முன்னால் அவனே நேரில் ஒப்படைக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறு ஒரு கணக்கன் வந்து முடித்துவைக்கக் கூடாது. 'இவன் சுத்தம்' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம்.

ஓலை எடுக்கிற முறையைக் கவனியுங்கள். எதுவும் அறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுத்துத் தர, வாங்கிக்கொள்பவர் ஐந்து விரலையும் விரித்து, திறந்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! அந்த மனிதர் யோக்கியராகவே இருக்கலாம். இருந்தாலும் விதி விதிதான். சந்தேகத்துக்கே இடம் தராமல் இருப்பது அவருக்கும் நல்லதுதானே?

வைத்தியத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவுக்கு இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. அதுவும் பக்கத்திலேயே. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல். வீரராஜேந்திர சோழன் காலம், பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி. அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வேதம் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. ஆதுலர் சாலை என்று பெயர். மருத்துவர், அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று யார் யாருக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சேர்த்துவைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

அதாவது, ஆஸ்பத்திரியின் கணக்கு சுவரில்! போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கலாம். நோயாளியின் பெட்டிச் சாவியை அங்கே யாரும் கேட்கவில்லை. செலவு அறக்கட்டளையின் பொறுப்பு.

இப்படிக் கணக்கையும் சாவியையும் தனித்தனியே வைத்திருந்த உலகத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்தது எப்போது?

அமெரிக்காவுக்குப் போவோம். 1930-களில் அங்கே பெரிய கடைகளில் 'சார்ஜா பிளேட்' என்று ஒரு சமாசாரம் புழங்கியது. ராணுவ வீரர் கழுத்தில் தொங்குமே, கிட்டத்தட்ட அதுபோல ஒரு சின்ன உலோகத் தகடு. வாடிக்கையாளரின் பெயரும் ஊரும் அதில் புடைத்து நிற்கும். மை நாடாவோடு சேர்த்து அழுத்தினால் பில்லில் பெயர் பதியும். வேடிக்கை என்னவென்றால், சில கடைகள் இந்தத் தகட்டை வாடிக்கையாளர் கையில் தராமல் தங்கள் பெட்டியிலேயே அடுக்கி வைத்திருந்தன. நீங்கள் வந்தால் ஊழியர் உங்கள் தகட்டைத் தேடி எடுத்து பில் போடுவார். 'கார்டு ஃபைலில் இருக்கிறது' என்ற பழக்கத்தின் கொள்ளுத் தாத்தா இதுதான்!

அப்போது ஆபத்து இல்லை. ஒரு கடையின் தகடு அந்தக் கடையில்தான் செல்லும். அண்ணாச்சியின் நோட்டுக்கு உலோக உடம்பு வந்தது, அவ்வளவுதான்.

1950-ல் நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்னமாரா என்பவர் 'டைனர்ஸ் கிளப்' அட்டையைக் கொண்டுவந்தார். ஒரே அட்டை, பல ஓட்டல்கள். 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் யாரும் கேட்காமலேயே சுமார் அறுபதாயிரம் பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. ஓரிடத்தில் மட்டும் திறந்த சாவி இப்போது எல்லாக் கதவையும் திறக்கும் சாவியாகிவிட்டது. ஆனால் கடைக்காரர்களின் பழைய பழக்கம் மாறவில்லை. 'நம்மகிட்ட ஒரு நகல் இருக்கட்டுமே' என்று எண்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

பலன்? 2007 ஜனவரியில் டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி தலையில் கைவைத்துக்கொண்டது. அதன் கம்ப்யூட்டர்களிலிருந்து குறைந்தது நான்கரைக் கோடி கார்டு எண்கள் திருடு போயிருந்தன. திருடர்கள் பூட்டை உடைக்கவில்லை. ஒரு கடையின் வலுவில்லாத வயர்லெஸ் இணைப்பு வழியாக நுழைந்திருந்தார்கள். அந்தக் கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கொன்ஸாலெஸுக்கு 2010-ல் இருபது வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

'அது பெரிய கடை, நம்ம பல் டாக்டருக்கு என்ன?' என்பீர்கள். அமெரிக்கப் பல் டாக்டர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே இன்ஷூரன்ஸ் ஒரு பகுதியைக் கொடுக்கும். எவ்வளவு என்று தெரிவதற்கே சில வாரங்கள் ஆகும். மிச்சத்தை வசூலிக்க நோயாளியின் கார்டு ஃபைலில் இருந்தால் சௌகரியம். சொல்லாமல் வராமல் போகிறவர்களுக்கு அபராதம் போடவும் வசதி. காரணம் நியாயமானதுதான். ஆனால் கடைச் சங்கிலியிடம் பாதுகாப்புக்கு ஆட்கள் உண்டு. கிளினிக்கில் ஒரு அலமாரியும் ஒரு பூட்டும்தான்!

கார்டு கம்பெனிகள் 2004-லேயே சேர்ந்து ஒரு பொது விதிமுறை எழுதின. அதில் மிக முக்கியமானது இது. கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தை, பணம் எடுக்க அனுமதி கிடைத்த பிறகு யாரும் சேமிக்கவே கூடாது. கம்ப்யூட்டரிலும் கூடாது, காகிதத்திலும் கூடாது. அந்த நீல மை ஞாபகம் வருகிறதா?

இந்தியா இதில் இரண்டு படி மேலே போனது. முதல் படி, இரண்டாவது பூட்டு. 2009 ஆகஸ்ட் முதல் ஆன்லைனில் கார்டைப் பயன்படுத்த எண் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு ரகசியமும் வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. நம் போனுக்கு வரும் ஓ.டி.பி. அந்த வழியில் வந்ததுதான். பல வெளிநாடுகளில் எண்ணும் அந்த மூன்று இலக்கமும் இருந்தாலே பணம் போய்விடும். ஆக, ஏனாத்தூர் அலமாரியில் கிடக்கும் அமெரிக்கக் கார்டு எண், உள்ளூர்க் கார்டு எண்ணைவிட ஆபத்தானது.

இரண்டாவது படி இன்னும் பெரிசு. 2020 மார்ச்சில் வந்த உத்தரவு, காலக்கெடு தள்ளித் தள்ளி, 2022 அக்டோபர் 1 முதல் அமலானது. கார்டு கொடுத்த வங்கி, விசா, ரூபே போன்ற கார்டு நிறுவனம் ஆகியவற்றைத் தவிர நடுவில் இருக்கும் எவரும் முழு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் அடையாளத்துக்கு இருக்கலாம். எண்ணுக்குப் பதிலாக ஒரு 'டோக்கன்'.

டோக்கன் என்றால்? கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு தகடு கொடுப்பார்களே, அது மாதிரிதான். காஞ்சி வரதராஜர் கோயில் தகட்டைக் கொண்டுபோய் ஏகாம்பரநாதர் கோயிலில் நீட்டினால் செருப்பு வருமா? கார்டு டோக்கனும் அப்படித்தான். ஒரு கடைக்காகத் தந்தது அந்தக் கடைக்கு மட்டும். பழைய சார்ஜா பிளேட் தத்துவம் சுற்றி வந்து மறுபடி வாசலில் நிற்கிறது, பார்த்தீர்களா?

இன்று கிளினிக் மேஜை மேல் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். அட்டை நிற்கிறதே, அதன் அர்த்தத்தை யோசித்திருக்கிறீர்களா? முன்பு நோயாளியின் எண் டாக்டரின் அலமாரியில் இருந்தது. இப்போது டாக்டரின் எண் எல்லோரும் பார்க்க மேஜை மேல் இருக்கிறது. வாங்குகிறவர் தன் விலாசத்தைக் காட்டுகிறார். கொடுக்கிறவர் சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்கிறார். திருமுக்கூடல் சுவர் மாதிரி!

ஏனாத்தூர்ப் பெரியம்மாவை நாம் மறந்துவிடவில்லை. மகன் செய்ய வேண்டியது அதிகமில்லை. வங்கியில் சொல்லிப் பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதியது வாங்க வேண்டும். இனிமேல் பணத்தை அம்மாவின் கணக்குக்கே அனுப்பலாம். அம்மாவுக்கும் பல்லோடு சேர்த்துக் கொஞ்சம் கௌரவமும் கூடும். வரவேற்புப் பெண் செய்ய வேண்டியது, அந்த நீல மை வரியைக் கண்ணுக்கே தெரியாதபடி அழிப்பது. அலமாரி என்றைக்காவது உடைபட்டால் முதல் சந்தேகம் அவள் மேல்தானே விழும்? அந்த வரி இல்லாமல் போவது முதலில் அவளுக்குத்தான் பாதுகாப்பு.

அடுத்த முறை யாராவது 'கார்டு நம்பர் சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்' என்றால் கோபப்படாதீர்கள். உத்திரமேரூரில் ஓலை வாங்கியவரின் விரிந்த ஐந்து விரல்களை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்:

"கணக்கை நீங்க எழுதி வச்சுக்குங்க. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்!"