புது நூல் வந்த நாள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கடந்த வாரம் எங்கள் பாடசாலைக்கு ஒரு பெட்டி வந்தது. இப்போது புத்தளத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சகோதரி ஒருவர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். திறந்தால் முழுவதும் பின்னல் நூல். வெள்ளை, பச்சை, மஞ்சள், ஊதா. மனைப்பொருளியல் வகுப்புப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஒரு பந்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி கேட்டாள்: "டீச்சர், இது ஆரும் பாவிச்சதா, புதுசா?"

"புதுசு" என்றோம். அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதற்கான பதிலில் எங்கள் ஊரின் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது.

பின்னல் வேலை வெள்ளைக்காரருடைய கலை என்றுதான் கல்வியியற் கல்லூரிக்குப் போகும்வரை நாங்களும் நினைத்திருந்தோம். இந்தத் தீவில் அது பரவிய வழியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலியின் பீரலு லேஸைப் போர்த்துக்கேயர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். வடக்கில், 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை போன்ற மிஷன் பாடசாலைகளில் எழுத்தோடு தையலும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆனால் இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங் வேலையில் இன்றைக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையானவை. பருத்தி நூல், நீலமும் வெள்ளையும். சிலவற்றில் அரபு எழுத்தையே பின்னியிருக்கிறார்கள். ஸ்பெயினில் 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை ஒன்று இருந்தது. கிறிஸ்தவ இளவரசரின் தலையணைதான், ஆனால் அதன் ஓரத்தில் அரபியில் "பரக்கா" என்று இருக்கிறது. நாங்கள் சொல்லும் அதே பரக்கத்து. முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே அதைவிட மிகவும் பிந்தியது, பெரிதாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதைப் பரப்பியதில் பசிக்கும் பங்கு உண்டு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் அளவில் இறந்தார்கள். அப்போது கோர்க் பகுதியில் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குக் குரோஷே பழக்கினார்கள். ஒரு ஊசியும் நூலும் இருந்தால் போதும், குடிசைக்குள் இருந்தே வேலை செய்யலாம். பல குடும்பங்கள் அதை விற்றுத்தான் தப்பின.

இனி எங்கள் கதை. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தண்ணீரூற்றிலிருந்து போனவர்களில் எங்கள் உம்மம்மாவும் ஒருவர். வீட்டில் தண்ணீர்க் குடத்தை மூட அவர் பின்னிய வலைத்துணி ஒன்று இருந்ததாம். வட்டமானது, காற்றுக்குப் பறக்காமல் ஓரம் முழுக்க மணி கோத்தது. அது குடத்தின் மேலேயே கிடக்க, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

எங்கள் வயதுக்காரர் பலர் கண் திறந்தது புத்தளத்து ஓலைக் குடிசைகளில்தான். நிவாரண உடுப்பு மூட்டைகளில் கம்பளிச் சுவெற்றரும் வரும். அந்த வெயிலில் யார் போடுவது? உம்மம்மா அவற்றைக் கேட்டு வாங்குவார். முதலில் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார். துணியை வெட்டித் தைத்ததென்றால் பிரிக்கும்போது நூல் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரத்தையும் சேர்த்துப் பின்னி முடித்ததென்றால் ஒரே இழையாக வரும். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதைக் கழியாகச் சுற்றி, கழுவி, அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நிமிரும். அந்த நூலில்தான் எங்களுக்குப் பையும் பாயோரத்து விரிப்பும் பின்னினார்.

பிறகு ஒரு வியாபாரி தொப்பி பின்ன வெள்ளை நூல் கொடுத்தார். அது புது நூல்தான், ஆனால் எங்களுடையதல்ல. நூலை நிறுத்துக் கொடுப்பார், தொப்பியை நிறுத்து வாங்குவார். நிறை குறைந்தால் கூலியில் கழிப்பார். மிஞ்சிய ஒரு முழத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆந்திராவின் நர்சாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய ஆய்வை அறிந்தபோது எங்களுக்கு இந்தத் தராசுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் நூல் வியாபாரியுடையது, கூலி உருப்படிக் கணக்கில். வீட்டிலிருந்து பின்னுவதால் அவர்களைத் தொழிலாளர் என்று யாரும் எண்ணவில்லை, "வீட்டுப் பெண்கள்" என்றுதான் எண்ணினார்கள். அவர்கள் பின்னிய லேஸோ கடல் கடந்து ஏற்றுமதியானது.

ஒரு நோன்பு காலத்துக்குப் பிறகு உம்மம்மா சேர்த்த காசில் தானே நூல் வாங்கி வந்தார். கழி நூல். நாங்கள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்க, கழியை எங்கள் கைகளில் மாட்டி, எதிரே இருந்து பந்தாகச் சுற்றினார். சுற்றச் சுற்ற எங்கள் கைகளில் பாரம் குறைந்தது. அவர் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அதில் தொப்பி பின்னி விற்பார் என்று நினைத்தோம். அவரோ குடத்துக்கு மூடுதுணி பின்னினார். முல்லைத்தீவில் விட்டு வந்த அதே வட்டம், ஓரத்தில் மணியோடு. ஓலைக் குடிசைக்குள் அந்தக் குடம் இருந்த மூலை மட்டும் வீடு மாதிரி இருந்தது.

யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை, முற்றம் காடாகக் கிடந்தது. அந்த மூடுதுணி எங்களோடு வந்தது. உம்மம்மா இப்போது இல்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அவர் பின்னிய முறையை அவரும் எழுதி வைக்கவில்லை, நாங்களும் கேட்டு வைக்கவில்லை. அது எங்கள் பிழை.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நூலின் விலையும் ஏறியது. வகுப்பில் செய்முறையை விட்டுவிட்டுக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினோம். சங்கிலி எப்படிப் போடுவது என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். ஆனால் எழுதியதைக் கையில் செய்து பார்க்க நூல் இருக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளை "புதுசா" என்று கேட்டது எங்களைத் தொட்டது. "புதுசு, உங்களுடையது, மிஞ்சினால் திருப்பித் தரவேண்டாம்" என்று அவளிடம் முழுமையாகச் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த நாள் சொன்னோம். உம்மம்மாவின் மூடுதுணியையும் கொண்டுபோய் மேசையில் விரித்தோம். பிள்ளைகள் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகக் கண் எண்ணிக் கொப்பியில் குறித்தார்கள். ஆறாவது வட்டம்வரை வந்திருக்கிறார்கள்.

ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். முஸ்லிம் வீடானாலும் தமிழ் வீடானாலும், பின்னத் தெரிந்த மூத்த தாய்மார் இருந்தால் ஒரு பின்னேரம் பாடசாலைக்கு அழைத்து வாருங்கள். வர முடியாதென்றால் பக்கத்தில் இருந்து கேட்டு, எண்ணி, எழுதி வையுங்கள். பழைய மூடுதுணி, தொப்பி, கதவுத் திரை எது இருந்தாலும் எறிந்துவிடாமல் எங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

நூல் அனுப்பிய சகோதரிக்கு அல்லாஹ் பரக்கத்துச் செய்வானாக. முதலாவது மூடுதுணி முடிந்ததும் அது அவருக்குத்தான் என்று பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். ஓரத்துக்கு மணி தேடுகிறோம்.