மில்லி செக்கன்களில் மனதை அளக்க முடியுமா?

சில வருடங்களுக்கு முன்னர் நல்லிணக்கம் தொடர்பான செயலமர்வு ஒன்றுக்குப் போயிருந்தேன். மதிய உணவுக்குப் பிறகு வளவாளர் மடிக்கணினிகளைத் தந்து, அமெரிக்காவில் உருவான ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். திரையில் வெள்ளையர் முகங்களும் கறுப்பினத்தவர் முகங்களும், இடையிடையே நல்ல பொருள் தரும் சொற்களும் கெட்ட பொருள் தரும் சொற்களும் வரும். முதலில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை. கறுப்பு முகத்துக்கும் கெட்ட சொல்லுக்கும் மற்ற விசை. பிறகு சோடி மாறும். எந்தச் சோடியில் விரல் விரைவாக ஓடுகிறது என்பதைக் கணினி மில்லி செக்கன்களில் கணக்கிடும். எனக்கு வந்த முடிவு, வெள்ளையர் பக்கம் மிதமான சாய்வு. தேநீர் இடைவேளையில் மறுபடியும் செய்துபார்த்தேன். சாய்வு எதுவுமில்லை என்றது.

எல்லோரிடமும் நனவிலிப் பக்கச்சார்பு இருக்கிறது, நாம் அறியாமலே பாகுபாடு காட்டுகிறோம் என்று வளவாளர் விளக்கினார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "தம்பி, செக்பொயின்ரில என்ர ஐசியைப் பாத்திட்டு என்னை மட்டும் பஸ்ஸால இறக்கினவங்கள். அதுவும் அவங்கள் அறியாமல் செய்ததோ?" வளவாளர் நேரம் போய்விட்டதென்று அடுத்த அமர்வுக்குத் தாவிவிட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை இந்த ஆய்வுகளைத் தேடி வாசிக்க வைத்தது.

ஐ.ஏ.ரி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சோதனையை அந்தனி கிரீன்வோல்ட் என்ற உளவியலாளர் தன் சகாக்கள் இருவருடன் 1998இல் வெளியிட்டார். அவரோடு சேர்ந்து இத்துறையைக் கட்டியெழுப்பிய மஹ்ஸரின் பனாஜி, இந்தியாவின் செகந்திராபாத்தில் பிறந்தவர். சோதனை இணையத்தில் ஏறியதும் இலட்சக்கணக்கானோர் செய்துபார்த்தனர். பெரிய கம்பனிகளும் பொலிஸ் திணைக்களங்களும் ஊழியர்களுக்கு இது பற்றிய பயிற்சிகளை நடத்தத் தொடங்கின. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஸ்டார்பக்ஸ் கடையொன்றில், ஒருவரைச் சந்திக்கக் காத்திருந்த இரண்டு கறுப்பின ஆண்களைப் பொலிஸார் கைதுசெய்தனர். எதிர்ப்புக் கிளம்பியது. மே 29ஆம் திகதி பிற்பகல் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 8,000க்கும் அதிகமான கடைகளை மூடி, ஏறத்தாழ 175,000 ஊழியர்களுக்குப் பக்கச்சார்பு பற்றிப் பயிற்சி கொடுத்தது.

இதற்கு அடியில் இருந்த விஞ்ஞானம் அவ்வளவு பாரத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு தடவை இச்சோதனையைச் செய்தால் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகும்? முழுமையாக ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், ஐ.ஏ.ரி.க்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.5. எனக்கு நடந்தது ஒன்றும் அதிசயமல்ல. சரி, சோதனையில் சாய்வு காட்டியவர் வாழ்க்கையிலும் பாகுபாடு காட்டுவாரா? 2009இல் கிரீன்வோல்டின் குழு பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, இனம் பற்றிய சோதனைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு 0.24 அளவில் வந்தது. 2013இல் விமர்சகர்கள் தொகுத்தபோது அது 0.15ஆகக் குறைந்தது. 0.15 என்றால், மனிதருக்கு மனிதர் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ இரண்டு வீதத்தையே அது விளக்குகிறது. சிறிய தொடர்பும் கோடிக்கணக்கானோர் வாழும் சமூகத்தில் பெரிய விளைவைத் தரலாம் என்பது கிரீன்வோல்ட் தரப்பின் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் தனியொருவரை "இவர் பக்கச்சார்பானவர்" என்று அடையாளங்காண இதைப் பயன்படுத்தினால் பிழைகள் அதிகமாகும் என்று 2015இல் அவர்களே எழுதினார்கள். செயலமர்வில் அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பயிற்சிகளின் நிலை இன்னும் மோசம். 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 492 ஆய்வுகளையும் 87,000க்கும் அதிகமானவர்களின் தரவுகளையும் பரிசீலித்தது. சோதனைப் புள்ளியைக் கொஞ்சம் மாற்றலாம். ஆனால் அந்த மாற்றத்தால் நடத்தை மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

அப்படியென்றால் அந்த மில்லி செக்கன்கள் எதைத்தான் அளக்கின்றன? ஒருவரது சொந்த எண்ணத்தையா, சூழலில் காலமெல்லாம் கேட்டுப் பழகிய சேர்க்கையையா என்பது இன்றும் தீராத விவாதம். எங்களுக்கு இது புரியாத விடயமல்ல. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இன்றும் என் உடம்பு குனிகிறது. யுத்தம் முடிந்தது என்று மனதுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரிவதில்லை. சீருடையைக் கண்டதும் நெஞ்சு இறுகும் ஒருவரிடம் இப்படியொரு சோதனை வைத்தால், அது வெறுப்பையும் நினைவையும் எப்படிப் பிரிக்கப்போகிறது?

கூட்டம் முடிந்து அந்த அம்மாவோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். "அவங்கட மனசுக்குள்ள என்ன இருந்ததெண்டு எனக்கென்னத்துக்குப் பிள்ளை? பஸ் போட்டுது. ரெண்டு மணித்தியாலம் வெயிலில நிண்டனான்" என்றார்.

மனதைத் திறந்து பார்க்காமல் விளைவை மட்டும் எண்ணிய ஆய்வுகள் இருக்கின்றன. என் பார்வையில் அவைதான் உறுதியானவை. மரியான் பெர்ட்ரண்டும், பெயரிலேயே தமிழ் தெரியும் செந்தில் முல்லைநாதனும் பொஸ்டன், சிக்காகோ பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகைமைகள் ஒரே மாதிரி; பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயரில் ஏறத்தாழ பத்து விண்ணப்பங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு அதே ஒரு அழைப்பு கிடைக்கப் பதினைந்து தேவைப்பட்டது. 2004இல் வெளியான இந்த ஆய்வு, முதலாளி அறிந்து செய்தாரா அறியாமல் செய்தாரா என்று கேட்கவே இல்லை.

ஐ.ஏ.ரி.யையும் முழுதாகத் தூக்கியெறிய வேண்டியதில்லை. தனிமனிதரில் நிலைக்காத புள்ளிகள் பிரதேசச் சராசரியாக எடுத்தால் நிலைக்கின்றன. கீத் பெய்னும் சகாக்களும் 2019இல் காட்டியது இது: 1860இல் அடிமைகள் அதிகமாக இருந்த மாவட்டங்களில், இன்று வாழும் வெள்ளையரின் சராசரிச் சாய்வும் அதிகம். அது நிலத்தின் வரலாறு. பிற்பகல் பயிற்சியால் கழுவ முடியாதது.

"அறியாமல்" என்ற சொல் எங்கள் தீவுக்குள் வரும்போது எனக்கு ஒரு பயம் இருக்கிறது. 1956 மொழிச் சட்டமும் 1970களின் தரப்படுத்தலும் எழுதி, கையொப்பமிட்டு நிறைவேற்றப்பட்டவை. 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியதும் ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான். இவற்றை நனவிலியின் கணக்கில் எழுத எவருக்கும் உரிமையில்லை. வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் "எவடம்?" என்று நாங்கள் கேட்கிறோமே, அதையும்தான். எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லத் தயங்கி நிற்பவருக்கும் தெரியும்.