ஜோ மெக்டோனா கோப்பை, 2019

அயர்லாந்தின் புராதன விளையாட்டாகிய ஹர்லிங்கில் மாவட்ட அணிகளுக்கென நிகழும் வருஷாந்தரப் போட்டிகளுள் இரண்டாம் வரிசையைச் சேர்ந்த இக்கோப்பை, கால்வே வீரராகவும், 1997 முதல் 2000 வரை கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கிய ஜோ மெக்டோனாவின் ஞாபகார்த்தமாக 2018-இல் ஸ்தாபிக்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டாகிய 2019-இல் ஆன்ட்ரிம், கெர்ரி, லீஷ், ஆஃபலி, வெஸ்ட்மீத் என்னும் ஐந்து அணிகள் மோதின. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஜூன் 30-ஆம் தேதி நடந்த இறுதியாட்டத்தில் லீஷ் 3 கோலும் 26 புள்ளியும் எடுத்து, 1 கோலும் 21 புள்ளியும் பெற்ற வெஸ்ட்மீத்தை வென்றது. கோல் ஒன்றுக்கு மூன்று புள்ளியாகையால் வித்தியாசம் பதினொன்று.

எனினும் அப்பருவத்தின் கீர்த்தி அடுத்த வாரத்திலேதான் விளைந்தது. முதல் வரிசைப் போட்டியில் புகும் உரிமை பெற்ற லீஷ், சில வாரங்களுக்கு முன் கால்வேயையே வீழ்த்திய டப்ளினைப் போர்ட்லீஷ் நகரில் 25-க்கு 23 என்ற கணக்கில் தோற்கடித்தது. 1915-இல் ஒரே தடவை தேசியப் பட்டம் பெற்ற அம்மாவட்டத்துக்கு இது, கோப்பையினும் பெரிய வெற்றியென்றே கூறத் தகும். காலிறுதியில் லீஷை வென்ற டிப்பரரியே அவ்வாண்டின் தேசியப் பட்டத்தைச் சூடியது.

நான்கு முறை தேசியப் பட்டம் வென்ற ஆஃபலியோ கடைசி ஸ்தானத்துக்குத் தாழ்ந்து, மூன்றாம் வரிசையாகிய கிறிஸ்டி ரிங் கோப்பைக்கு இறங்கியது.