வளையும் இழை

ஐயம்பேட்டையில் என் பெரியப்பா நாற்பது வருஷம் பட்டு நெய்தவர். பக்கவாதம் வந்து ஆறு மாதம் கழித்து மறுபடி தறியில் உட்கார்ந்தார். வலது கை மேலே போகிறது, மடங்குகிறது, என் கையைப் பிடித்தால் வலிக்கிற அளவு இறுக்குகிறது. மருத்துவமனைச் சீட்டில் கை பலம் 5க்கு 5. ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தபோது, அதன் முனைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்க அவரால் முடியவில்லை. இழை நழுவி விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. "கை இருக்குதுப்பா. கையில நூலுதான் இல்ல" என்றார்.

சோதனை ஏதும் செய்தார்களா என்று கேட்டேன். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார்களாம். தெரியுதா? தெரியுது. அவ்வளவுதான்.

தொடுவுணர்வை எண்ணாக்கும் முயற்சி பழையது. 1890களில் ஜெர்மனியின் மாக்ஸ் ஃபான் ஃப்ரை, குதிரைமுடியையும் மனித முடியையும் குச்சி நுனியில் ஒட்டித் தோலில் அழுத்திப் பார்த்தார். முடி ஓர் அளவு விசைக்கு மேல் தாங்காது, வளைந்துவிடும். வளைந்த பிறகு கை எவ்வளவு அழுத்தினாலும் தோலுக்குப் போகும் விசை பெரிதாகக் கூடாது. பொறியியல் படித்தவர்களுக்கு இது ஆய்லரின் தூண் சூத்திரம். அதற்குப் பதில் எழுதி மதிப்பெண் வாங்கினேனே தவிர, அது ஒரு மனிதனின் விரல்நுனியை அளக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முடிக்குப் பதில் நைலான் வந்தது அமெரிக்காவில். போரில் மூளைக்குள் குண்டுச் சிதறல் பாய்ந்தும் உயிர்பிழைத்த வீரர்களின் கைகளை ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வெயின்ஸ்டீன் குழு ஆராய்ந்தது. 1960இல் புத்தகமாக வெளியிட்டது. வெவ்வேறு தடிமனில் 20 இழைகள். எந்த இழையில் தொட்டபோது முதலில் 'தெரியுது' என்கிறாரோ, அதுதான் அவர் அளவு. நலமான விரலுக்கு 0.07 கிராம் அழுத்தமே போதும்.

ஆக, இந்த இழை பிறந்தது மூளைக் காயத்துக்காக. அது பரவியதோ வேறு நோய் வழியாக. அந்தக் கதையில் நம்மூருக்கும் பங்குண்டு.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று தேடியவர், சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கை சிதைகிறது என்று காட்டினார். இங்கே அறுந்தது கையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு. மூளை நன்றாகவே இருக்கிறது. பக்கவாதத்தில் நேர்மாறு.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்யப் பார்த்தார்: அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பும் உணரிகள் வைத்த கையுறை. நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அணைத்துவிட்டு வேலை செய்தார்கள். போனில் நோட்டிஃபிகேஷனை மியூட் செய்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதே கார்வில்லில் ஜூடித் பெல்-க்ரோடோஸ்கி நைலான் இழைகளைத் தொழுநோய்க் கைகளுக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு: 10 கிராம் இழை. பெரியப்பாவின் சர்க்கரை டாக்டர் மேஜையிலும் அது இருந்தது. அவர் காலை மட்டும் தொட்டுப் பார்த்து அனுப்பிவிட்டார்.

ஆனால் கையைத் தொட்டிருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும். ஏதோ படுகிறது என்று தெரிவது வேறு. பட்டது என்னவென்று தெரிவது வேறு. நெசவாளிக்கு வேண்டியது இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் லியான் கேரி இதில்தான் உழைத்தார். வரிவரியாகக் கோடு பதித்த பிளாஸ்டிக் பரப்புகளைக் கண்ணை மூடித் தடவி, எது வேறு என்று சொல்ல வேண்டும். தப்பானால் நல்ல கையால் தடவிப் பார்த்து, கண் திறந்து பார்த்து, மறுபடி மூடித் தடவ வேண்டும். எளிதில் தொடங்கி, வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். இப்படிப் பழகியவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்ததை, பக்கவாதம் வந்த 50 பேரை வைத்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இஸ்ரேலில் யெகுட்டியெலும் குட்மனும் 1993இலேயே 20 பேரிடம் முயன்று, பக்கவாதம் வந்து வருஷங்கள் ஆனாலும் உணர்வு மேம்படும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 'வருஷங்கள் ஆனாலும்'தான்.

பிளாஸ்டிக் பரப்புக்கு நான் எங்கே போவேன்? பெரியம்மாவின் பெட்டியைத் திறந்தோம். முதல் வாரம் கோணிச் சாக்கும் பட்டும். அது சுலபமானதும் பருத்தியும் பட்டும். கண்ணைத் துண்டால் கட்டி, வலது கையில் ஒரு துண்டை வைப்பேன். தப்பாகச் சொன்னால் இடது கையில் கொடுப்பேன். பிறகு கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். நாற்பது வருஷம் தொட்ட பட்டை 'சீட்டித் துணி' என்று சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 20 முறையில் 13 சரி. பொய்யாக உற்சாகப்படுத்த வேண்டாமென்று, "காசு சுண்டிப் போட்டாலே பத்து சரியா வரும் பெரியப்பா" என்றேன்.

கட்டை அவிழ்த்தபடி, "அப்போ மூணு என்னுது" என்றார்.