இரவிவர்மாவும் அச்சேறிய தெய்வங்களும்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி முதலான ஊவாத் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலே, விளக்கு மாடத்தின் மேல் தாமரைமீது நிற்கும் இலக்குமியின் படமொன்று தொங்கக் காணலாம். கையில் மலர், பின்னே நீர்நிலை, அருகே யானை. நாட்காட்டியுடன் வந்த அப்படத்தை வரைந்தவர் யாரென்று எவரும் வினவுவதில்லை. ஆயினும் அத்தோற்றத்தின் மூலவர் ஒருவர் உளர். அவர் திருவிதாங்கூர்க் கிளிமானூரிலே 1848ஆம் ஆண்டு பிறந்த இராஜா இரவிவர்மா ஆவார்.

ஐரோப்பாவில் அந்நூற்றாண்டில் வரலாற்று ஓவியமே ஓவியத்துள் தலைசிறந்ததெனப் போற்றப்பட்டது. ஜேர்மனியின் மியூனிக் நகரத்துக் கார்ல் பைலொட்டி போன்றோர் பழங்கதைகளையும் வரலாற்று நிகழ்ச்சிகளையும் நாடகக் காட்சிபோல் பெரிய திரைகளில் தீட்டினர். ஆடையின் மடிப்பும் நகையின் ஒளியும் கண்ணெதிரே நிற்பனபோல் தோன்றுதல் அம்முறையின் இயல்பு. அதனை இந்தியப் புராண மாந்தர்க்குப் பொருத்தியவர் இரவிவர்மா.

அவர் அதனை எளிதிற் கற்றாரல்லர். சிறுவயதில் மாமனார் இராஜராஜவர்மாவே வழிகாட்டினார். ஆயிலியம் திருநாள் மன்னரின் அரண்மனையில் எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைப் பயில விரும்பியபோது, அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு கற்பிக்க உடன்படவில்லை என்பர். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரும் தாம் வரைவதைப் பார்க்கவிட்டாரேயன்றி, பாடம் சொன்னாரில்லை. பார்த்தும் பிழைத்தும் தாமே கற்றவர், 1873இல் சென்னைக் கண்காட்சியிலே பொற்பதக்கம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் தம் அரண்மனைக்கெனப் பதினான்கு புராண ஓவியங்களை வரைவித்தார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற அவருடைய பத்து ஓவியங்களும் பரிசு பெற்றுத் தந்தன. இப்பெருமைகள் யாவும் அரண்மனைச் சுவர்களுக்குள் அடங்கியவையே.

சுவரைத் தாண்டும் வழியைச் சுட்டியவர், திவானாக விளங்கிய சேர் ரி. மாதவராவ். ஓவியங்களை வண்ணப் படிகளாக அச்சிட்டு மக்களிடையே பரப்புமாறு அவர் யோசனை கூறினார். 1894இல் பம்பாயிலே கல்லச்சுக்கூடம் எழுந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாகப் பல கற்களிற் பிரித்து வரைந்து, ஒன்றன்மேலொன்றாகப் பதிப்பது அம்முறை. அதற்கு வேண்டிய பொறிகளும் வல்லுநரும் ஜேர்மனியிலிருந்து வந்தனர். முதலில் அச்சேறியது சகுந்தலையின் பிறப்பு. படங்கள் பரவின, ஆனால் கடனும் பெருகியது. பம்பாயிற் கொள்ளைநோய் தலைகாட்டியது வேறு. அச்சகம் லோனாவலா அருகேயுள்ள மளவ்லிக்கு மாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜேர்மானியத் தொழில்வல்லுநருக்கே விற்கப்பட்டது. தெய்வ உருவங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்த அந்நிலையம் அவரது காலத்தில் விளம்பரங்களையும் தீப்பெட்டிச் சீட்டுகளையும் அச்சிட்டமை வியப்பன்று, வாணிகத்துக்குப் பேதமில்லை.

உடன்பிறந்து, உடனிருந்து வரைந்த இளவல் சி. இராஜராஜவர்மா 1905இல் மறைந்தார். மறு ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மாவும் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டே கடுங்கண்டனம் எழுந்தது. எழுப்பியவர் கொழும்பிற் பிறந்த ஈழத்தறிஞர் ஆனந்த குமாரசுவாமி. கற்பனை வளமின்மை, நாடகத்தன்மை, தெய்வீகத்தை மானிடமாக்கிவிட்ட எளிமை ஆகியவற்றை அவர் சாடினார். சிற்பத்தின் யோகநிலையை அறிந்தவருக்கு, பட்டுப்புடைவை உடுத்த சரசுவதி அயலவளாகத் தோன்றியதில் வியப்பில்லை. குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யெனல் இயலாது. ஆயினும் அதே மானிடத்தன்மைதான் அப்படங்களைக் கும்பிடுவார்க்கு அண்மையாக்கியது என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோயிற் கருவறைக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட குடும்பங்களும் தம் வீட்டுச் சுவரிலே தெய்வத்தை நேர்நின்று நோக்கின. இது கலைத்திறனாய்வின் அளவுகோலுக்குள் அடங்காத செய்தி.

1972இல் மளவ்லி அச்சகம் தீக்கிரையாயிற்று. 1979இல் இந்திய அரசு அவருடைய மூல ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வமென அறிவித்து, நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லுதலைத் தடுத்தது. அவ்வுருவங்களைப் பின்பற்றிய தாட்படங்களோ முன்னரே கடல் கடந்துவிட்டன. ஊவாவின் காம்பராக்களில், ஆண்டு முடிந்து நாட்காட்டியின் தாட்கள் யாவும் கிழிக்கப்பட்ட பின்னரும், மேலுள்ள இலக்குமியை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டமிட்டு வைப்பவர் உண்டு.