தி கிரேட் காளி

தி கிரேட் காளி என்னும் அரங்கப் பெயரால் அறியப்படும் தலீப் சிங் ராணா (பிறப்பு: ஆகஸ்டு 27, 1972) இந்தியாவில் பிறந்த தொழில்முறை மற்போர் வீரரும் நடிகரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் டபிள்யு.டபிள்யு.ஈ. நிறுவனத்தில் உலக மிகுஎடை வாகையர் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் இவரே. ஏழடி ஓரங்குலம் என அறிவிக்கப்பட்ட உயரமே இவரைக் காட்சிப் பொருளாக்கியது. இவரைப் பற்றிய சர்ச்சைகளிற் பெரும்பாலானவையும் அவ்வுடலை ஒட்டியே எழுந்தவை.

இக்கட்டுரையில் தொழில்முறை மற்போர் என்பது முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, கதையமைப்புடன் நிகழ்த்தப்படும் அரங்கக் கேளிக்கையைக் குறிக்கும். ஒலிம்பிக்கில் இடம்பெறும் மற்போரும், நரசிம்மவர்மப் பல்லவனின் 'மாமல்லன்' என்ற பட்டப்பெயரில் உள்ள மல்லும் இதனின்று வேறானவை. எனினும் வீழ்ச்சிகளும் அடிகளும் உடலின் மீது உண்மையாகவே விழுகின்றன என்பது இவரது வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தேவையானது.

பெயர்

அரங்கப் பெயர் இந்து சமயத்தின் காளி தெய்வத்தின் பெயரைத் தழுவியது. இந்தி ஊடகங்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிக் 'கலி' என ஒலிக்குமாறு எழுதுகின்றன. தமிழில் 'காளி' என்பதே வழக்கு. பெண் தெய்வத்தின் பெயரை ஓர் ஆண் மற்போர் வீரருக்கு இட்டதில் அமெரிக்க நிறுவனத்துக்கு எவ்வித முரணும் தோன்றவில்லை போலும்.

இளமை

இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்திலுள்ள திராய்னா என்னும் மலைக் கிராமத்தில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளிக் கட்டணமான இரண்டரை ரூபாயைச் செலுத்த இயலாமையால் படிப்பு நின்றதாகத் தம் தன்வரலாற்றில் கூறியுள்ளார். சிறுவயதிலேயே கூலி வேலைக்குச் சென்றார். பின்னர் சிம்லாவில் பாதுகாவலராகப் பணிபுரிந்தபோது பஞ்சாப் காவல்துறை அதிகாரி ஒருவரின் பார்வை இவர் மீது விழுந்தது. அதன் பயனாக 1993இல் பஞ்சாப் காவல்துறையில் சேர்க்கப்பட்டார். சலந்தரில் உடற்பயிற்சி மேற்கொண்டு, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் 'மிஸ்டர் இந்தியா' உடற்கட்டுப் பட்டத்தை வென்றார்.

இவரது உடலமைப்புக்கு அக்ரோமெகலி என்னும் நோய் காரணமாகும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள கபச் சுரப்பியில் (பிட்யூட்டரி) தோன்றும் கட்டியால் வளர்ச்சி இயக்குநீர் மிகையாகச் சுரக்கிறது. எலும்பு முனைகள் மூடுவதற்கு முன் இது நேர்ந்தால் உயரம் அளவின்றிக் கூடும். மூடிய பின்னும் தாடை, நெற்றி, கை, கால் ஆகியன தடித்து வளரும். மூட்டுகள் தேயும், இதயம் பருக்கும். தொழில்முறை மற்போரின் புகழ்பெற்ற பேருருவரான ஆந்த்ரே தி ஜயன்ட் இந்நோயுடனேயே வாழ்ந்து, 1993 சனவரியில் தமது 46ஆம் அகவையில் இதயச் செயலிழப்பால் இறந்தார். பிக் ஷோ என்ற பெயரில் ஆடிய பால் வைட் இளமையிலேயே அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். மருத்துவர் நோயின் அடையாளமாகக் காணும் அதே தோற்றத்தை இத்தொழிலின் ஏற்பாட்டாளர்கள் நுழைவுச்சீட்டு விற்கும் வாய்ப்பாகக் கண்டனர்.

பயிற்சி மாணவர் மரணம்

ராணா கலிபோர்னியாவின் ஆல் புரோ ரெசிலிங் அமைப்பில் பயிற்சி பெற்று, 2000 அக்டோபரில் 'ஜயன்ட் சிங்' என்ற பெயரில் முதன்முதலாக அரங்கேறினார். 2001 மே 28 அன்று அவ்வமைப்பின் ஹேவர்டு பயிற்சிக் கூடத்தில், உடன் பயின்ற மாணவர் ஒருவருடன் பயிற்சியில் ஈடுபட்டிருந்தார். எதிராளியை மேலே தூக்கி முன்புறமாகக் கவிழ்த்து விழச்செய்யும் 'ஃபிளாப்ஜாக்' என்னும் உத்தி அப்போது பயிலப்பட்டது. அதில் விழுந்த மாணவர் தலைக் காயத்தால் உயிரிழந்தார்.

அம்மாணவர் சில நாட்களுக்கு முன்னர்தான் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளாகியிருந்தார். முதல் அதிர்ச்சி முற்றிலும் ஆறுவதற்குள் இரண்டாம் அடி விழுந்தால் மூளை விரைந்து வீங்கி உயிருக்கு ஊறு நேரலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அவ்வாறிருந்தும் அவர் பயிற்சிக்கு அனுமதிக்கப்பட்டார். அதுவும் ஏழடி உயரமும் ஓராண்டு அரங்க அனுபவம்கூட இல்லாதவருமான ஒருவருடன் இணைக்கப்பட்டார். பாதுகாப்பாக விழுவது விழுபவரின் திறனை மட்டும் சார்ந்ததன்று. தூக்குபவர் இறக்கும் உயரம், வேகம், கோணம் ஆகியவற்றையும் சார்ந்தது. ஓரடிக்கும் மேலான உயர வேறுபாடு இக்கணக்கை முற்றிலும் மாற்றிவிடுகிறது.

இறந்தவரின் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். 2005இல் அறங்கூறாயம் (ஜூரி) பயிற்சி அமைப்பு பொறுப்பின்றி நடந்துகொண்டதென முடிவு செய்து, 13 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை வழங்கப் பணித்தது. ராணாவின் வரலாற்றைக் கூறும் இந்திய ஊடகக் குறிப்புகள் பல இந்நிகழ்வை ஒரே வரியில், "பயிற்சியில் ஒருவரைக் கொன்றவர்" என்று அவரது வலிமைக்குச் சான்றுபோல எழுதுகின்றன. வழக்கின் முடிவு சுட்டுவது வலிமையை அன்று, மேற்பார்வைக் குறைபாட்டை.

நிப்பான்

2001 ஆகஸ்டில் நியூ சப்பான் புரோ ரெசிலிங் நிறுவனத்தில் மசாகிரோ சோனோவின் அணியில் இணைந்தார். பிரேசிலைச் சேர்ந்த மற்றொரு பேருருவரான ஜயன்ட் சில்வாவுடன் இணையாக ஆடினார். இருவரின் கூட்டு உயரம் 14 அடிக்கும் மேல். இது வரலாற்றிலேயே உயரமான இணை என விளம்பரப்படுத்தப்பட்டது. ஆட்டத்தைக் காட்டிலும் அறிவிப்பே கூடுதல் வரவேற்பைப் பெற்றது.

டபிள்யு.டபிள்யு.ஈ.

2006 சனவரியில் ஒப்பந்தமான இவர், ஏப்ரல் 7 அன்று ஒளிபரப்பான 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சியில் அண்டர்டேக்கரைத் தாக்கி அறிமுகமானார். மே 21 அன்று 'ஜட்ஜ்மெண்ட் டே' நிகழ்வில் அவரை வீழ்த்தவும் செய்தார். பல ஆண்டுகள் நிலைத்த வீரர்களுக்கே அரிதாக அளிக்கப்படும் வெற்றியொன்று புதியவருக்கு ஏழு வாரங்களுக்குள் அளிக்கப்பட்டது. நிறுவனத்தின் கண் இந்தியச் சந்தையின் மீதும் இருந்தது. அக்காலத்தில் டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை வழியாகத் தமிழ்நாட்டுச் சிறுவர்களும் இந்நிகழ்ச்சிகளைக் கண்டுவந்தனர். அண்டர்டேக்கரின் விசிறிகளாயிருந்த வகுப்பறைகள் அவ்வாண்டு இரண்டாகப் பிரிந்தன எனலாம்.

இவருக்கெனவே 'பஞ்சாபி பிரிசன்' என்னும் மூங்கிற் கூண்டு ஆட்டம் உருவாக்கப்பட்டது. ஆனால் 2006 சூலை 23 அன்று நடந்த முதல் கூண்டு ஆட்டத்தில் இவரால் பங்கேற்க இயலவில்லை. கல்லீரல் நொதி அளவு மிகுந்திருந்ததால் மருத்துவ அனுமதி கிடைக்காமல், இவருக்கு மாற்றாகப் பிக் ஷோ இறக்கப்பட்டார். இதனை ஊக்கமருந்துடன் தொடர்புபடுத்தி அப்போது பேசப்பட்டதுண்டு. நொதி அளவு கூடுவதற்குக் காரணங்கள் பல உள்ளமையால் இதைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. மேலும், அதே நிகழ்வில் வேறு சில வீரர்களும் இதே காரணத்துக்காக விலக்கப்பட்டனர்.

2007இல் எட்ஜ் காயமுற்றுப் பட்டத்தைக் கைவிட நேர்ந்தபோது, டெக்சாசு மாநிலத்தின் லரேடோ நகரில் 20 பேர் கொண்ட கூட்டு ஆட்டம் நடத்தப்பட்டது. அதில் இறுதியாகக் கேன், பட்டிஸ்டா இருவரையும் ஒருசேர வெளியேற்றி உலக மிகுஎடை வாகையரானார். சூலை 20 அன்று இது ஒளிபரப்பானது. செப்டம்பர் 16 அன்று 'அன்ஃபர்கிவன்' நிகழ்வில் பட்டிஸ்டாவிடம் பட்டத்தை இழந்தார்.

முடிவு எழுதி வைக்கப்பட்ட ஆட்டத்தில் பட்டம் 'வெல்வது' என்பது திரைப்படத்தில் முதன்மை வேடம் பெறுவதற்கு ஒப்பானது. எனவே இவ்வெற்றியை விளையாட்டுச் சாதனையாகக் கொண்டாடியவர்களும், 'எல்லாம் நாடகம்' என ஒதுக்கியவர்களும் ஒருங்கே பிழைபட்டனர். கேள்வி, வேடத்துக்கு இவர் பொருத்தமானவரா என்பதே. திறனாய்வாளர்கள் பொருத்தமற்றவர் என்றே கருதினர். மற்போர் இதழான ரெசிலிங் அப்சர்வர் நியூஸ்லெட்டரின் வாசகர் வாக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் 'மிக மோசமான மற்போர் வீரர்' எனத் தேர்வானார். நடையில் தளர்ச்சி, மெதுவான அசைவு, விழுந்தபின் எழுவதில் இடர் ஆகியன சுட்டிக்காட்டப்பட்டன. இவை முழங்காலும் முதுகும் பெருவுடலைத் தாங்க இயலாமையின் விளைவுகள் என்பதைக் கேலி செய்தவர்கள் பெரும்பாலும் கருத்திற்கொள்ளவில்லை.

2008க்குப் பின் இவரது வேடம் தாழ்ந்தது. அச்சமூட்டும் எதிர்நாயகனாக இருந்தவர், பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்களை அழைத்து முத்தமிடும் 'பஞ்சாபி பிளேபாய்' என்ற நகைச்சுவைப் பாத்திரமாக மாற்றப்பட்டார். ஆங்கிலம் சரளமாக வராமையும் இவருக்கென ஒரு மொழிபெயர்ப்பாளர் பாத்திரத்தைச் சேர்த்து நகைச்சுவையாக்கப்பட்டது. பஞ்சாபியில் இவர் பேசுவதற்கு எதிர்மாறான பொருள் கூறப்படும்போது அமெரிக்க அரங்கு சிரித்தது. இந்தியப் பார்வையாளர்களுக்கோ இரு மொழியும் விளங்கியமையால் சிரிப்பு வேறிடத்தில் வந்தது.

2012 சூலையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கபச் சுரப்பிக் கட்டி அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டது. அப்போது இவருக்கு 39 அகவை. அதாவது முதன்மை ஆட்டங்கள் அனைத்தையும் நோய் செயற்படும் நிலையிலேயே ஆடி முடித்திருந்தார். ஓய்வுக்குப் பின் அரங்கு திரும்பி, 2014 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து விலகினார். 2017 சூலையில் ஜிந்தர் மஹாலுக்குத் துணையாக மூன்றாவது பஞ்சாபி பிரிசன் ஆட்டத்தில் தோன்றினார். 2021இல் நிறுவனத்தின் புகழவையில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்க்கப்பட்டார்.

திரைத்துறை

'தி லாங்கஸ்ட் யார்டு' (2005), 'கெட் ஸ்மார்ட்' (2008) ஆகிய ஆலிவுட் படங்களிலும் 'குஷ்தி' (2010) என்ற இந்திப் படத்திலும் நடித்துள்ளார். 'பிக் பாஸ்' இந்தி நிகழ்ச்சியின் நான்காம் பருவத்தில் இரண்டாமிடம் பெற்றார். தமிழ்நாட்டில் மற்போர் பாராதவர்களுக்கும் இவரை அறிமுகப்படுத்தியது, தாம் வாழும் வீட்டின் சுவரில் மோதி அவதியுறுவதாக அமைந்த சிமெண்டு விளம்பரமே.

சலந்தர் பயிற்சிப் பள்ளி

2015இல் சலந்தரில் கான்டினென்டல் ரெசிலிங் என்டர்டெயின்மென்ட் என்ற பயிற்சிப் பள்ளியையும் நிகழ்ச்சி நிறுவனத்தையும் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் உத்தராகண்டின் ஹல்த்வானியில் அந்நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் வெளிநாட்டு வீரர்கள் தாக்கியதில் தலையில் காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செய்தி அலைவரிசைகள் இதனை உண்மையான வன்தாக்குதலாகவே நாள் முழுதும் ஒளிபரப்பின. சில நாட்களிலேயே தேராதூனில் தலைக்கட்டுடன் தோன்றி, தாக்கியவர்களுள் ஒருவரை வீழ்த்தினார். காயத்தின் நம்பகத்தன்மை குறித்து ஐயங்கள் எழுப்பப்பட்டன. குருதி உண்மையாகவும் சண்டை ஏற்பாடாகவும் இருப்பது இத்துறையில் முரண் ஆகாது என்பதை அன்றைய விவாதங்கள் கவனிக்கவில்லை.

இப்பள்ளியில் பயின்ற அரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி, சல்வார் கமீசுடன் அரங்கேறிய காணொளியால் 2016இல் பரவலாக அறியப்பட்டு, 2017இல் டபிள்யு.டபிள்யு.ஈ.யில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

அரசியல்

2014இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இவர், 2019 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தின் ஜாதவ்பூர் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சி வேட்பாளருக்காகப் பரப்புரை செய்தார். அயல்நாட்டுக் குடிமகன் வாக்காளர்கள்மீது தாக்கம் செலுத்தக் கூடாதெனத் திரிணாமூல் காங்கிரசு தேர்தல் ஆணையத்தில் முறையிட்டது. 2020 இறுதியில் தில்லி எல்லையில் போராடிய விவசாயிகளுக்கு ஆதரவு தெரிவித்தார். 2022 பிப்ரவரி 10 அன்று பாரதிய ஜனதா கட்சியில் இணைந்தார்.